முன்பாதி அவளுடையது

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து விடாத தூறல். கம்பெனிக்கு அரை நாள் லீவு. நேற்று கல்லறைத் திருநாள். ரீத்தாவின் கல்லறையில் ஏற்றிய மெழுகுவர்த்தி நின்று எரியவே இல்லை. குடையை அதற்குப் பிடித்துவிட்டு நான் நனைந்தேன். இன்று தும்மல்.

வாங்க: பால், தீப்பெட்டி, சளி மாத்திரை.

படிக்கட்டுக்குக் கீழே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் முருகன்: "வீட்ல அம்மா சாமி கும்புட்ற கொரலு கேட்டா ஏழு மணினு வண்டிய கட்டிட்டு கெளம்புவேன் சார். இப்போ டைமே தெர்ல. நீயாச்சும் சத்தமா சாமி கும்புடேன்."

எங்கே கும்பிட? கல்யாணமான நாளிலிருந்து செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் உள்ள செபத்தின் முன்பாதியை ரீத்தா சொல்வாள், பின்பாதி நான். அவள் போனபின் மாலை ஆணியிலேயே தொங்குகிறது.

நவ. 4, செவ்.

வேலை முடிந்து கோயிலுக்கு. செபம் வரவில்லை என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "வரலைன்னா விடுங்க. பேசாம ஆண்டவர் முன்னாடி உக்காருங்க. அதுவும் செபந்தான்."

சொல்வது சுலபம். வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினால் ஆண்டவருக்கு முன்னால் ஆவடி லோக்கல் ட்ரெயின் சத்தம் வந்துவிடுகிறது. அப்புறம் ஃப்ரிட்ஜ். அது இவ்வளவு சத்தம் போடும் என்பதே இப்போதுதான் தெரியும்.

நவ. 6, வியா.

அன்பியக் கூட்டம் இந்த முறை என் வீட்டில். தெருவிலுள்ள நம் பங்குக் குடும்பங்கள் எல்லாரும் செபம் சொல்ல வந்தார்கள். சகாயம் டீச்சர், "உங்க வீடு அண்ணே, மொதப் பத்து மணி நீங்களே ஆரம்பிங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். வந்தது பின்பாதி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். டீச்சர் மெல்ல முன்பாதியை எடுத்துக் கொடுத்தார். வேறு குரலுக்குப் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

எல்லாரும் போனபின் டீ டம்ளர் கழுவினேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவ. 7, வெள்ளி

கரண்ட் இல்லை. ரசம் ஊசிப்போச்சு. ஆண்டவர்மேல் கோபம். எழுதியே வைக்கிறேன், கோபம்தான்.

நவ. 8, சனி

மழை விட்டது. துணியெல்லாம் மொட்டைமாடியில்.

சாயங்காலம் மாலையை ஆணியிலிருந்து எடுத்தேன். முன்பாதியை நான் சொல்லப் போவதில்லை, அது அவளுடையது. அவளுக்கு ஆகும் நேரம் சும்மா இருந்தேன். வேகமாகத்தான் சொல்வாள், அடுப்பில் குக்கர் இருக்கும். பிறகு என் பாதியைச் சத்தமாகச் சொன்னேன். அடுத்த மணி. மறுபடி சும்மா.

நடுவில் லோக்கல் போயிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த இடைவெளியில் ரீத்தா வரவில்லை, அது நிஜம். ஆனால் அது காலியாகவும் இல்லை. யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

முடித்துவிட்டுப் பால் வாங்கக் கீழே இறங்கினேன்.

முருகன்: "போன்ல பேசிகினு இருந்தியா சார்? ஒரு சைடு தான் கேட்டுச்சு."

ஆமாம் என்றேன்.

வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.