கையெழுத்து மட்டும் உன்னுடையது

உன் மேசையின் கீழ் இழுப்பறையை மூன்று வாரத்துக்கு முன்புதான் திறந்தேன். புது டொக்டர் வருகிறார், இடத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. காய்ந்துபோன பேனாக்கள், பாதி முடிந்த கைக்களிம்பு, அதற்கடியில் ஒரு கட்டு மஞ்சள் தாள். ஒவ்வொன்றிலும் உன் வட்ட வட்டமான தமிழ் எழுத்தில் ஒரே வழி. ‘ரொம்சோஸிலை ரி-பான் சுரங்க ரயிலை எடுங்கோ. சென்ட்ரல் ஸ்டேஷனிலை ரயில் மாறுங்கோ. ஹவுகெட்டோவிலை இறங்கினா வலப்பக்கம், நீலக் கதவு.’ ஆட்கள் கேட்கும்போது நேரம் போகக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்திருக்கிறாய். அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

அந்த நீலக் கதவுக்குப் பின்னால் இருந்த ஸ்கான் நிலையத்தில் உனக்கும் எனக்கும் ஆளுக்கொரு பங்கு இருந்தது. உன் மைத்துனர் தொடங்கினார், நீ சேர்ந்தாய், என்னையும் சேர்த்துவிட்டாய். ஒரே குடும்ப வைத்தியர் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் எங்கள் நோயாளிகளை அங்கேதான் அனுப்பினோம். சொந்தப் பங்கு உள்ள இடத்துக்கு அனுப்பினால் அதை நோயாளியிடம் சொல்ல வேண்டும், வேறு இடங்களையும் காட்ட வேண்டும். இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? நோர்வேக்காரர் யாராவது “ஏன் அவ்வளவு தூரம்?” என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் பக்கத்து இடத்துக்கு எழுதிக் கொடுத்தோம். எங்கள் ஆட்கள் கேட்கவே மாட்டார்கள். “நீங்கள் சொன்னாச் சரி டொக்டர்” என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உனக்குத்தான் முதலில் உறைத்தது. முழங்கால் தேய்ந்த ஒரு அம்மா, பனி உருகிச் சேறாய்க் கிடந்த நாளில் ஊரையே குறுக்கே கடந்து போய் ஸ்கான் எடுத்துவிட்டு வந்து உன் கையைப் பிடித்து நன்றி சொன்னா. “இந்தத் துண்டுத் தாள் இல்லாட்டி நான் எங்கை பிள்ளை போறது?” அவ போன பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாய்.

“எடி, அவ ரெண்டு ஸ்கான் இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறா. நாங்கள் ஏன் அந்த ரெண்டுக்கும் வழி எழுதிக் குடுக்கேல்லை?”

“அங்கை தமிழ் கதைக்க ஆள் இருக்கோ? எங்கடை ஆக்களுக்கு எங்கடை இடம். இதிலை என்ன பிழை?” என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! அப்படி நம்பியும் இருந்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைப் போட்டு அரிக்கிறது.

பிறகு உனக்கு வருத்தம் வந்து, நீ படுக்கையில் விழுந்தாய். கட்டிலில் சாய்ந்திருந்தபடி ஒருநாள் நீ சொன்னாய்: “நாங்களாப் போய்ச் சொல்லுவமடி. ஆரும் பிடிப்பினம் எண்ட பயத்திலை இல்லை. ஒருத்தரும் பிடிக்காட்டியும் சொல்லுவம்.” நான் உன் தலையணையைச் சரிசெய்தேன். “முதல்லை நீ எழும்பி வா, மற்றதைப் பிறகு பாப்பம்” என்றேன். உனக்காகச் சொன்னது போலத்தான் இருந்தது. உண்மையில் எனக்கு நடுக்கம். உன் வருத்தத்தைச் சாட்டி உன் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு நீ அந்தக் கதையை எடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடடி.

உன் செத்தவீடு முடிந்ததும் என் பங்கை விட்டுவிட்டேன், அதோடு சரி என்று நினைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, எங்கிருந்தும் கடிதம் வரவில்லை. இந்த மஞ்சள் கட்டு மட்டும் கைக்கு வராமல் இருந்திருந்தால், நான் சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சுகாதாரக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தேன். தேத்தண்ணி வைத்தேன், ஆறவிட்டேன், கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன். என் அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவவின்ரை பேரிலை எழுதன். தொடங்கினது அவவின்ரை ஆக்கள். துண்டெல்லாம் அவவின்ரை எழுத்து. போன ஆளிட்டை ஆர் போய்க் கேக்கப் போகினம்? உன்ரை வேலை எண்டாலும் மிஞ்சும்.”

அவர் கெட்ட மனிசன் இல்லை, உனக்குத் தெரியும். பயந்துபோய்ச் சொன்னார். நானும் பயந்துபோய் எழுதினேன். ‘காலமான என் சக வைத்தியர் தொடங்கிவைத்த நடைமுறையின்படி…’ எவ்வளவு மரியாதையான வசனம் பார்! வாசிக்கிற எவரும் நம்புவார்கள். சாட்சிக்கு உன் எழுத்திலேயே ஒரு கட்டுத் தாள் இருக்கிறது.

ஆனால் அந்தத் துண்டு யாருடைய யோசனை? உன்னுடையது இல்லையே! “ஆக்கள் வழி தெரியாமல் வேறை இடத்துக்குப் போயிடுவினம், தமிழிலை எழுதிக் குடுத்தால் என்ன?” என்று கேட்டது நான். என் எழுத்து கோழி கிண்டினது போலிருக்கும் என்று நீ சிரித்தாய், பேனாவைப் பறித்து நீயே எழுதினாய். இதை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி நீ.

அந்த வசனத்தை அழித்தேன். ‘யோசனை என்னுடையது. கையெழுத்து மட்டும் அவருடையது. நிறுத்துவோம், நாங்களாகவே அறிவிப்போம் என்று சொன்னவர் அவர், தள்ளிப்போட்டவள் நான்’ என்று எழுதினேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பினேன். என் அவர் சோற்றைப் போட்டுத் தந்தார். பதில் இன்னும் வரவில்லை. என் வைத்திய அனுமதிப் பத்திரம் போகலாம், போகாமலும் விடலாம். அலைபேசி அதிரும் ஒவ்வொரு முறையும் அவசரமாக எடுத்துப் பார்க்கிறேன்.

அங்கே அனுப்பப்பட்ட எங்கள் ஆட்களை இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேரில் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் “அதுக்கென்ன டொக்டர், உதெல்லாம் ஒரு கதையே” என்று என்னையே தேற்றுகிறார்கள். அது இன்னும் கொடுமை.

நேற்று ஒரு ஐயா வந்தார். பேக்கரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், உன் நோயாளி, நீ படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் வந்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்ப பிள்ளை, எனக்கு எடுத்த மூண்டு ஸ்கானும் தேவைக்குத்தான் எடுத்ததோ?”

கணினியைத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டையும் நீ எழுதியிருக்கிறாய், காரணம் தெளிவாக இருந்தது. மூன்றாவதை எழுதியது நான்.

“முதல் ரெண்டும் தேவைதான் ஐயா. மூண்டாவது…” திரையைத் திரும்ப வாசித்தேன். “மூண்டாவது ஏன் எழுதினனான் எண்டு எனக்கே தெரியேல்லை.”

அவர் கோபப்படவில்லை. எழும்பித் தொப்பியைப் போட்டார். “குறை நினைக்காதேங்கோ, நான் வேறை டொக்டரிட்டை மாறப்போறன்” என்றார். “ஓம் ஐயா, மாறுங்கோ” என்றேன். எப்படி மாறுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அலைபேசியை வாங்கி, புது நோயாளிகளை எடுக்க இடம் உள்ள டொக்டர்களின் பட்டியலை எடுத்து, எல்லாப் பெயரையும் வாசித்துக் காட்டினேன். “இதிலை ஆர் நல்லம்?” என்று கேட்டார்.

“அதை நான் சொல்லக்கூடாது ஐயா” என்றேன். அவராகத் தெரிவு செய்யும்வரை பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.