புத்தகத்தில் இல்லாத குகை

ஜூலை 12, சனி

கணினி விளையாட்டு ஒன்றை வைத்து மகள் தேன்மொழி எழுதிய மாயாஜால நாவலை வாசகர்கள் இணையத்தில் கிழிக்கிறார்கள். 'இதற்கு விளையாட்டே மேல்' என்கிறார் ஒருவர். இன்று ஒரே ஒரு பாராட்டு. நார்த்தாமலை வாசகராம், குகைச் சண்டையில் மெய்சிலிர்த்தாராம். எனக்கு அப்போதே சந்தேகம்.

சாப்பிடும்போது தேன்மொழி என் கணவரிடம் கேட்டாள்.

"அப்பா, குகைச் சண்டைய அச்சுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். அதப் படிச்சது நம்ம வீட்டாளுக மட்டுந்தான்."

அவர் தலை நிமிராமல் மோரை ஊற்றிக்கொண்டார்.

"நீயாவது சொல்லும்மா. நெசமாவே நல்லால்லையா?"

நாவலை இரண்டு முறை படித்திருக்கிறேன்.

"சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன்.

எழுந்து கை கழுவிவிட்டாள்.

இரண்டாம் பாகம் எழுதுவதற்காக நெடுநேரம் எரியும் அவள் அறை விளக்கு, இன்று எங்களுக்கு முன்பே அணைந்துவிட்டது.