போடி இறக்கத்தில் பார்க்க வேண்டியவை

நவம்பர் 3, திங்கள். தேவிகுளம்.

காலையிலிருந்தே சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

மதுரையிலிருந்து கௌசல்யா மேடம் போன். என் சுற்றுலா வழிகாட்டிப் புத்தகத்தைப் போடவிருக்கும் பதிப்பகத்தில் எடிட்டர். முதல் அத்தியாயம், மூணாறு முதல் போடி வரை, வாசித்துவிட்டாராம்.

"சார், எந்த வளைவுல எத்தனாவது கியர்னு எழுதியிருக்கீங்க. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு எழுதியிருக்கீங்க. போடிமெட்டுல நின்னா என்ன தெரியும்னு ஒரு வரிகூட இல்லையே?"

இருபது வருஷத்துக்கு மேல் எஸ்டேட் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். பின்னால் ஒருவர் வலியில் துடிக்க, நான் பள்ளத்தாக்கையா ரசிப்பேன்? ரோட்டைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

வெள்ளிக்குள் திருத்தித் தர வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் கூடுதலாக வலித்தது.

வாங்க வேண்டியவை: பேனா, வீட்டுக்காரி பவுனுவுக்கு முட்டி வலித் தைலம்.

நவம்பர் 4, செவ்வாய்.

மழை. "கண்கொள்ளாக் காட்சி" என்று எழுதினேன். அடித்தேன். "இயற்கை அன்னை" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். எனக்கே சிரிப்பு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இடுப்பு வலியால் டிரைவர் வேலையை விட்ட பிறகு, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் வழி எழுதிப் போட்டேன். அது கைமாறி மேடத்திடம் போக, அவர் "புத்தகமா எழுதுங்களேன்" என்றார். வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன், இந்த வேலை எனக்கு வேண்டும். ஸ்டியரிங்கை விட்ட நாளிலிருந்து, என்ன பண்ணுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பவுனு கொழுந்து பறித்துவிட்டு வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே: "வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா போடிமெட்டு நடந்து வருமா? போய்ப் பாத்துட்டு எழுதுங்க." வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளும் வருகிறாளாம். கல்யாணமாகி நாங்கள் சும்மா ஊர் சுற்றப் போவது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 6, வியாழன்.

போடி பஸ். ஜன்னல் ஓரம். பூப்பாறை வருவதற்குள் எனக்கு வாந்தி. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வேறு வலி. கண்டக்டர்: "என்னண்ணே, மலைக்குப் புதுசா?" பவுனு சிரித்த சிரிப்பு பஸ் முழுக்கக் கேட்டது.

போடிமெட்டில் இறங்கினால் மூடுபனி. எதிரே இருக்கிற டீக்கடையே தெரியவில்லை. டீ, மிளகாய் பஜ்ஜி, இன்னொரு டீ. மதியம் வரை நின்றோம். விலகவில்லை.

"போச்சு. வேற ஆளுதான்" என்றேன்.

"எழுதுங்க. நான் சொல்றேன்."

"நீ எப்பப் பாத்த?"

"உங்க வண்டியிலதான். மக பொறக்கப் போனமே, விடியக்காலம். படுத்திருந்தேன், பின்னாடி கண்ணாடியில எல்லாந் தெரிஞ்சுச்சு."

சொன்னாள். எழுதினேன். வந்த ரோடு மேலே துண்டு துண்டாக. வளைவு திரும்பினால் கீழே தரை. கட்டம் கட்டமாக வயல். ஒரே ஒரு கண்மாயில் மட்டும் வெயில். தூரத்து மலை நீலம். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், மலையே இல்லாத இடத்தை மேலிருந்து பார்த்தது அன்றுதானாம்.

"அப்பத்தான் நிப்பாட்டுங்கன்னு கத்துனேன். நீங்க நிப்பாட்டல."

எனக்கும் நினைவிருக்கிறது. பிள்ளை வந்துவிட்டது என்று பயந்து ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன்.

"வலியில கத்துறேன்னுல்ல நெனச்சேன்!"

"வலிதான். அதோட ஒரு நிமிசம் பாக்கணும்போல இருந்துச்சு. நீங்க மிதிச்ச மிதியில எல்லாம் ஓடிப் போச்சு."

மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. இதுவரை சொன்னதில்லை.

"எந்த வளைவு?"

"வெள்ளையடிச்ச பாறை ஒண்ணு இருக்குமே, அதுக்கு அடுத்தது."

தெரியும். இரண்டாவது கியர்.

நவம்பர் 7, வெள்ளி.

நல்ல வெயில், இன்றைக்குப் பார்த்து. துணி காய்ந்தது.

அத்தியாயம் அனுப்பியாயிற்று. கியரையெல்லாம் எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி தூரத்தை எடுக்கவில்லை, மேடம் திட்டினால் திட்டட்டும். பதில் இன்னும் இல்லை. பவுனு சொன்னதை அவள் சொன்னபடியே போட்டேன். கடைசி வரி மட்டும் என்னுடையது:

"வெள்ளையடித்த பாறைக்கு அடுத்த வளைவு. கூட வருபவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும்."