துணிக்கொடியில் மாட்டிய அட்டைகள்

என் செல்லப் பேத்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் பழையபடிதான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் உன் அம்மா. கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உன் பெரியப்பா. பால்கனியில் உன் பெரியம்மா. ஊசி கேட்க வந்து, வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே நின்ற மாடிவீட்டுத் தையல்காரம்மா. அப்புறம் நான். நீ வகுப்புக்குப் போயிருந்தாய். உன் ஜப்பானியப் பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது.

பெரியம்மா ஈரப் போர்வையோடு வந்தாள். இது வீடா பள்ளிக்கூடமா என்று கேட்டுக்கொண்டே, ஜப்பானியச் சொற்கள் எழுதிக் கொடியில் நீ தொங்கவிட்டிருந்த நாற்பது அட்டையையும் கழற்றி, கிளிப்போடு சேர்த்து ஒரே வாளியில் கொட்டினாள். துணி காய்ந்தால் உடுத்தலாம், இது காய்ந்து என்ன ஆகப்போகிறது என்று பெரியப்பா சிரித்தார்.

நாலு மாதம் அந்தக் கொடிக்குப் பக்கத்தில் உன்னோடு நின்றவள் நான். அந்த எழுத்து படிக்கத் தெரியாது, எந்த அட்டைக்கு எந்த நிறம் என்று தெரியும். வினைச்சொல் ஒன்றுதான், அதற்கு முன்னால் வருகிற துண்டுச் சொல் அர்த்தத்தையே திருப்பிவிடும் என்றாய். நீலக் கிளிப் ‘ஓ’, சிவப்பு ‘நி’, மஞ்சள் ‘தோ’. ‘தெரு’ என்று ஒரு சொல். நம்ம தெருவா என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாய். நீலம் மாட்டினால் அறையை விட்டு வெளியே போவது, சிவப்பு மாட்டினால் கூட்டத்துக்கு வந்து கலந்துகொள்வது. ‘அவு’ என்றால் சந்திப்பது. சிவப்பு போட்டால் நாம் போய் ஒருத்தரைப் பார்ப்பது, மஞ்சள் போட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து சந்திப்பது. எவ்வளவு வித்தியாசம் பார்.

நீ வருவதற்குள் எல்லாவற்றையும் நானே மாட்டினேன். உன் அம்மா பிறந்தபோது ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறவளுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

நீ வந்து சில அட்டைகளுக்கு முன்னால் நின்றாய். இது மஞ்சள்தானே பாட்டி, இது நீலமில்லையா என்று கேட்டாய். என் ஞாபகத்தையா சந்தேகப்படுகிறாய் என்று அதட்டினேன். புத்தகத்தை எடுக்கப் போன உன் கையையும் தட்டிவிட்டேன். நான் மாட்டியதையே மனப்பாடம் செய்தாய்.

பரீட்சை ஆறு மதிப்பெண்ணில் போயிற்று. நீ தேறினால் வேலை தருவதாகக் காத்திருந்த கம்பெனியும் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. இப்போது நீ அட்டைப்பெட்டிக் கிடங்கில் முகவரிச் சீட்டு ஒட்டுகிறாய். இந்த மொழி என் மண்டையில் ஏறாது, புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய்.

போன வாரம் தையல்காரம்மா போனில் ஒரு படம் காட்டினாள். அவள் தைத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ நிற்கிறாய். பின்னால் உன் கொடி. பெரியம்மா கழற்றுவதற்கு முந்தின வாரம் எடுத்ததாம். நான் மாட்டியது இன்னும் அப்படியே தொங்குகிறது, யாரையும் தொட விடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஏழு அட்டையில் நிறம் மாறியிருக்கிறது. நீ கேட்டவையும் அதில் இருக்கின்றன. நீ கேட்டது சரி.

உன் மண்டையில் ஏறித்தான் இருந்தது கண்ணே. இறக்கிவிட்டது நான்.

புத்தகங்களை எடைக்குப் போடவில்லை, என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அடுத்த பரீட்சைக்கு மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. இந்தத் தடவை யார் அதட்டினாலும் புத்தகத்தைத் திறந்து பார். நீ நன்றாக இருப்பாய்.

பெரியம்மாவை மன்னித்துவிட்டேன். பெரியப்பாவையும், அன்றைக்குச் சிரித்ததற்கு மட்டும். உனக்கு இளகிய மனசு, நீ எல்லோரையும் மன்னித்துவிடுவாய். என்னால் ஒருத்தியை மட்டும் முடியாது.

அவள்,
உன் பாட்டி