சாம்பல் மேட்டு மண்

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நிலாக்குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஜீப்பில் ஏற முடியவில்லை, தோட்டத்துச் சோலி எல்லாம் என் தலையில். காலையில் போடிமெட்டு ஏறி சாயங்காலம் இறங்கினால் இடுப்பு தனியாகக் கழன்று வருகிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதுதான். கிருபாராணி டீச்சரின் மகன் உங்கள் ஊருக்கு வருகிறான், ஏலக்காய்ப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். காய் சிறுத்திருக்கிறதே என்று பார்க்காதே, இந்த வருஷம் வந்ததே அவ்வளவுதான்.

போன வருஷத்திலிருந்தே மேல் சரிவில் செடி சரியில்லை. குருத்திலை குறுகி நரம்புக்கு நடுவே வெளுத்துப்போகிறது, பூ பூக்கிறது, ஆனால் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடுகிறது. மண்ணைச் சோதிக்கக் கொடு என்று நீதான் நச்சரித்தாய். கொடுத்தேன், எல்லாச் சத்தும் போதுமான அளவு இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. எந்த இடத்து மண் என்று நீ கேட்டபோது எல்லா இடத்திலும் எடுத்தேன் என்றேனே, அது பொய். ஸ்டோருக்குப் பின்னால், காய் உலர்த்துகிற அடுப்புச் சாம்பலை வருஷக்கணக்காகக் கொட்டுகிறோமே, அந்த மேட்டு ஓரத்தில் எடுத்தேன். கறுகறுவென்று பொலபொலவென்று அங்கேதான் மண் அழகாக இருந்தது. படித்தவர்கள் பார்க்கப்போகிற மண், கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று இருப்பதிலேயே நல்ல பட்டாகப் பார்த்து உடுத்திவிட்டேனே, அதே புத்தி. பக்கத்தில் நின்ற நம் தோட்டத்து மொக்கையன், "அக்கா, காய்க்காத எடத்து மண்ணையில்ல கொண்டு போகணும்" என்றான். உனக்கென்ன தெரியும் போ என்று விரட்டினேன்.

மண்ணில் குறையில்லை என்று காகிதம் சொன்னதும் குறை எங்கே என்று மனசு தேட ஆரம்பித்தது. பத்தொன்பது வருஷமாக உரம் போட்டது மொக்கையன் கைதான். மூட்டை மேல் சரிவுக்குப் போய்ச் சேரவில்லை என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் ஜீப்பில் பதினாலு ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, "உரத்தை எந்தத் தோட்டத்துக்குடா வித்தே?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஸ்டோர் சாவியை மடியிலிருந்து எடுத்து சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டான் என்று உன்னிடம் சொன்னேனே, அதுவும் பொய்தான். பிறகு புது ஆள் வைத்து என் கண் முன்னால் டி.ஏ.பி. உரத்தை இரண்டு மடங்காகப் போடவைத்தேன். செடி இன்னும் மோசமானது.

போன மாதம் வேறு வழி தெரியாமல், நீ சொன்னபடியே மேல் சரிவில் பத்து இடத்தில் தோண்டிக் கலந்து கொடுத்தேன். துத்தநாகம் குறைவு, போரான் மிகவும் குறைவு. மண் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண் பொறுமையாக விளக்கினாள். இந்த நுண்ணூட்டம் செடிக்குச் சிட்டிகை அளவுதான் வேண்டுமாம், அந்தச் சிட்டிகை இல்லாவிட்டால் மற்றதை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் காய் பிடிக்காதாம், மலை மழை அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு போய்விடுமாம். டி.ஏ.பி.யை அளவுக்கு மீறிப் போட்டால் இருக்கிற துத்தநாகத்தையும் வேர் எடுக்க முடியாதாம். மொக்கையன் ஒரு பிடி உரம்கூட எடுக்கவில்லை அருள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவன் குரங்கணிப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகிறான். நேற்றுக் காலை அந்த ஜீப்பு கிளம்புகிற இடத்துக்கே போனேன், அன்று கேட்டுக்கொண்டிருந்த நம் ஆட்களையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். தப்பு என்மேல், மண்ணை மாற்றிக் கொடுத்தது நான், இவன் ஒன்றும் எடுக்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் தூக்குச்சட்டியை ஜீப்பில் வைத்தான். பிறகு, "மண்ணுக்கு என்னக்கா கொறையாம்?" என்றான். சொன்னேன். "எலைக்கு அடிக்கணுமா, தூருக்குப் போடணுமா?" துத்தநாகம் இலைக்கு, போரான் தூருக்கு என்றேன். "வெயிலுக்கு முன்ன வெரசா அடிச்சிரச் சொல்லுங்க. மேல மூணாவது வரிசையில குளவிக்கூடு இருக்கு, புது ஆளுக்குத் தெரியாது, சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டான். சாவியை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். அவிழ்க்கவே இல்லை.

நீ அவனுக்கு ஒரு போன் போடு. திரும்பி வரச் சொல்லாதே, அதைக் கேட்க நமக்கு முகமில்லை. மாமா எப்படி இருக்கீங்க என்று கேட்டால் போதும். முடி கொட்டுகிறது என்றாயே, ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்துப் பார், தள்ளிப்போடாதே. ரத்தத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கிற வசதி இல்லை, அந்த மட்டில் நல்லது. நிலாவுக்கு என் முத்தம். மூவரும் குறைவில்லாமல் நூறு வருஷம் இருங்கள். இங்கே துத்தநாகம் வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு அடிக்கிறோம். குளவிக்கூட்டைப் புது ஆளுக்குக் காட்டிவிட்டேன்.

உன் அம்மா,
பாண்டியம்மாள்