தொடர்புக்கு உன் நம்பர்

மாப்ள,

லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் உங்கள் பட்டறைப் பசையின் வாசம் வருகிறது. போன வருடம் தாராவியில், தோல் பை தைக்கும் மெஷின்களுக்கு மேலே இருந்த உன் அறையில் உட்கார்ந்து, நம் சங்கத்தின் சிறுதொழில் மாநாட்டுக்கு ஒரே வாரத்தில் வெப்சைட் போட்டோமே, அப்போது ஏறிய வாசம்.

கையில் காசில்லாததால் இலவச டெம்ப்ளேட்டை எடுத்தோம். அதோடு வந்த வெள்ளைக்காரர் படத்தைப் பேச்சாளர்கள் பற்றிய பக்கத்தில் நான் மாற்ற மறந்திருந்தேன். "இந்தத் தொர எப்பம்லே தாராவிக்குக் குடிவந்தாரு?" என்று கேட்டு நீ சிரித்த சிரிப்பில் கீழே மெஷின் நின்றது. சங்கத்துக்குத் தனி போன் கிடையாது. 'தொடர்புக்கு' என்ற இடத்தில் உன் பெயரையும் நம்பரையும் போடச் சொன்னாய். பிறகு சைட்டில் இருந்த எல்லா நம்பரையும் ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தாய். "அடிச்சுப் பாக்காம வெளிய விடாதலே, சனங்க அலைஞ்சு போவாங்க." எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

இந்த வருடமும் அதே அவசரம், அதே பட்ஜெட். நீதான் இல்லை. நவி மும்பை கோபர்கைரனேயில் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பழைய சைட்டை அப்படியே காப்பி எடுத்து, தேதியையும் படங்களையும் மாற்றி வெளியே விட்டேன். ஒரு நம்பரையும் அடித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எனக்குப் போன். திரையில் உன் பெயர். எடுத்தால், உன் மனைவி.

"அண்ணே, காலையிலருந்து மாநாட்டுக்கு வழி கேட்டு ஒரே போனா வருது. மாட்டுங்கா ஸ்டேஷன்ல கிழக்குப் பக்கம் எறங்கச் சொல்லுதேன். சரிதானா?"

குறையே சொல்லவில்லை, மாப்ள. சரிதானா என்று மட்டும் கேட்டாள். 'தொடர்புக்கு' என்ற இடத்தில் உன் நம்பரை நான் மாற்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மாப்பிள்ள எங்கன்னு அவங்க கேட்டா என்னம்மா சொல்லுத?"

"வெளிய போயிருக்காருன்னு சொல்லுதேன். தெரியாதவங்ககிட்ட வேற என்னத்தச் சொல்ல?"

மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னண்ணே, ஒங்களுக்கு வேலை அவசரம்" என்று அவளே சமாதானம் சொன்னாள். அதுதான் இன்னும் சுட்டது. துக்கம் கேட்க வந்தபோது, எதுவானாலும் நான் இருக்கிறேன் என்று அவளிடம் பெரிய மனுஷன் போலச் சொன்னவன் நான். இப்போது உன் நம்பரைப் போட்டு, ஊருக்கே வழி சொல்ல அவளை உட்காரவைத்துவிட்டேன்.

உடனே என் நம்பரைப் போட்டேன். உன் பெயரையும் அழிக்க வேண்டியிருந்தது. அழித்துவிட்டு, இந்தத் தடவை மகளின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன்.

நேற்று ஒருவர் அழைத்தார். போன வருடமும் வந்தவராம். வழி கேட்டுக்கொண்டு, வைக்கும் நேரத்தில், "சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரே, அந்த அண்ணாச்சி இல்லியா?" என்றார்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன், மாப்ள.

"வெளிய போயிருக்காரு" என்றேன். "என்கிட்ட சொல்லுங்க."