பனி என்று நான் குறித்த இடம்

என் அருமைக் குமரேசா,

மூன்று வருஷமாக உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன், மாப்ளே. நேற்று குறுக்குத்துறை ஆற்றில் உனக்கு எள்ளும் தண்ணீரும் விட்டோம்.

செயற்கைக்கோள் எடுத்த இமயமலைப் படங்களில் எது புதுப்பனி, எது பழைய பனிக்கட்டி என்று குறிப்பது என் வேலை. மேகத்தைப் பிரித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் மேகம் வெளுப்பாகவே நிற்கும், பனி கறுத்துவிடும். புதுப்பனியையும் கட்டியையும் பிரிப்பதுதான் பாடு. பாளையங்கோட்டையில் வேலை தேடிக்கொண்டிருந்த உன்னை இதற்குள் இழுத்து வந்தவன் நான். "அவனுக்குக் குளிர் ஆவாது, வேண்டாம்" என்று உன் அக்கா அன்றைக்கே சொன்னாள். நான் சிரித்தேன்.

ஒரு மலைச்சரிவைப் பற்றி அலுவலகத்தில் ஒரே வாக்குவாதம். புதுப்பனி என்று நான் குறித்திருந்தேன். வெறும் கட்டி என்றார்கள் மற்றவர்கள். நேரில் பார்த்துவரப் போன குழுவில் உன் பெயரைச் சேர்த்ததும் நான்தானே?

முகாமிலிருந்து கூப்பிட்டாய். "அத்தான், நீங்க பனின்னு போட்ட எடத்துல பனிதான் கெடக்கு. சரியாத்தான் போட்டிருக்கிய."

"நான் சொன்னேம்லா?" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மறுநாள் காலை, அந்தப் புதுப்பனி மூடியிருந்த வெடிப்பு ஒன்றுக்குள் நீ விழுந்தாய். தேடினார்கள். பிறகு மறுபடியும் பனி கொட்டியது, தேடுவதை நிறுத்திவிட்டார்கள். என் படத்தில் அந்த இடம் இன்றைக்கும் சரிதான். மேலே கிடந்த பனி தெரிந்தது. அடியில் பிளந்து கிடந்தது தெரியவில்லை.

உன் அப்பா உனக்குக் காரியம் செய்ய ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு கோடையிலும் போன் போடுவார். "மாப்ளே, வெயிலடிச்சா உருகும்லா? படத்துல ஏதும் தெரியுதா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா."

வேறு என்ன சொல்வேன்? உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தெரியாது என்று தெரிந்தே பார்த்தேன்.

போன வாரம் உன் அக்கா கேட்டுவிட்டாள். "நீங்களும் நம்பலை, நானும் நம்பலை. அப்பாவ மட்டும் எதுக்குக் காக்க வைக்குதிய?" இத்தனை நாளில் அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஊருக்கு வந்தோம். மடிக்கணினியைத் திறந்து மாமாவுக்குப் படத்தைக் காட்டினேன். "இந்தப் புள்ளி ஒண்ணுக்குள்ள நம்ம வீடே அடங்கிரும் மாமா. இதுல ஒரு ஆளு தெரியாது. கட்டி நகந்துகிட்டே ஆளை உள்ள கொண்டுபோயிரும். என்னைக்கு வெளிய விடும்னு யாராலயும் சொல்ல முடியாது."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பம் மூணு வருஷமா என்னத்தப் பாத்திய?"

மடிக்கணினியை மூடினேன். நீயாவது சொல், என்னத்தைப் பார்த்தேன்?

கண்ணாடியைத் துடைத்தபடி மாமாவே சொன்னார். "எள்ளு விடணும்னா என் வாயால அவன் பேரச் சொல்லணும்லா. அதுக்குத்தான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

நேற்று ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். "யாருக்குன்னு பேரைச் சொல்லுங்கோ" என்றார் படிக்கட்டில் இருந்த ஐயர். மாமா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஐயர் மறுபடியும் கேட்டார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க மாப்ளே" என்றார்.

நான்தான் சொன்னேன், குமரேசா.

முடித்துவிட்டால் மனசு ஆறும் என்றார்கள். ஆறவில்லை. மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். இனி கோடையில் அவர் போன் வராது. அதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேனோ?

அவருக்கு நீ செய்ய வேண்டியதையெல்லாம் கடைசிவரை நான் செய்வேன். நீ கிடைப்பாய் என்று மட்டும் இனி ஒருநாளும் அவரிடம் சொல்ல மாட்டேன்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் அத்தான்.